ஓம்னி வேனும் ஒரு நீளக் கம்பியும்

எங்கள் வீட்டு மாருதி ஓம்னி 2007 ஆகஸ்டில் வாங்கியது. நாக்பூருக்கு மாற்றலாகி வந்த புதிது. ஆன்ரோடு 2,25,000 ரூபாய், எங்கள் வங்கியிலேயே ஸ்டாஃப் லோன். 2022 ஆகஸ்டோடு பதினைந்து வருஷம் முடிகிறது, ஆர்.டி.ஓ.வில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஜூலையில் நல்ல மழை நாள் ஒன்றில், அபார்ட்மென்ட் வாசலில், ரிவர்ஸ் விழ மாட்டேன் என்றது.

கிளட்சை மிதித்து லீவரை ஆட்டுகிறேன், சாம்பாரில் கரண்டி போட்டுக் கிண்டுகிற மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறது. எங்கேயும் பிடிக்கவில்லை. ஃபர்ஸ்ட் கியரும் மூன்று தடவைக்கு ஒரு தடவைதான். பையன் இறங்கித் தள்ளினான். உள்ளே அம்மா உட்கார்ந்திருந்தார்கள், மடக்கிய சக்கர நாற்காலி பக்கத்தில். "என்னடா, வண்டிக்கும் முட்டி வலியா?" என்று கேட்டார்கள்.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மறுநாள் போன். "கியர் பாக்ஸ் போயிடுச்சு சார். இறக்கிப் பிரிக்கணும். எல்லாம் சேர்த்து 18,500 ஆகும்."

பி.காம். படித்தவனுக்கு இந்த மாதிரி நேரத்தில் கை தானாகக் கால்குலேட்டருக்குப் போகும். வருமான வரிக் கணக்கில் காருக்குத் தேய்மானம் வருஷம் 15 சதவீதம். 2,25,000 ரூபாய் பதினைந்து வருஷம் தேய்ந்தால் மிச்சம் சுமார் 19,650. வண்டியின் புத்தக மதிப்பும் கியர் பாக்ஸ் செலவும் கிட்டத்தட்ட ஒன்று! ஆபீசில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: ஸ்கிராப்புக்குப் போட்டுவிடு. பழைய வண்டிகளை ஒழிக்கும் கொள்கையை மத்திய அரசு 2021 ஆகஸ்டில்தான் தொடங்கி வைத்திருந்தது. அந்தத் துறை அமைச்சரோ எங்கள் ஊர் எம்.பி. ஊரே அந்தப் பேச்சில் இருந்தது.

எனக்கு மனசு வரவில்லை. அதற்குக் காரணம் பாசம் இல்லை, அந்த ஸ்லைடிங் கதவு. அம்மாவுக்கு 2016-லிருந்து நடக்க முடியாது. ஓம்னியின் பக்கக் கதவை முழுசாகத் தள்ளினால் நாற்காலியை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தி, ஒரு ஆள் தாங்கிப் பிடித்தாலே இருக்கைக்கு மாற்றிவிடலாம். இன்றைய கார்களில் குனிந்து, திரும்பி, தலையை இடித்துக்கொண்டு... சரி, அதை விடுங்கள். "இரண்டு நாள் டைம் கொடுங்க" என்று சொல்லி, ஃபர்ஸ்ட் கியர் கிடைத்தபோது கிடைத்தபடி ஓட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அந்த இரண்டு நாளும் ராத்திரி உட்கார்ந்து படித்ததும், பிறகு ஒரு கிழவர் எனக்குக் காட்டியதும்தான் இந்தக் கட்டுரை.

கியர் லீவர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எனக்கு ஊர் பஸ். டிரைவர் பக்கத்தில் எஞ்சினை மூடிய பானட் மேல், சூடு தாங்காமல் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்து, அந்த நீளமான கியர் ராடு நடுங்குவதையே பார்த்துக்கொண்டு வருவேன். டிரைவர் அதைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளுவார், கிளட்சை விட்டு மறுபடி மிதிப்பார், இன்னொரு தள்ளு. இரண்டு தடவை ஏன் மிதிக்கிறார் என்று அப்போது தெரியாது. காலில் ஏதோ பழக்கம் என்று நினைத்தேன்.

அதன் வேர் 1891-ல், பாரிஸில் இருக்கிறது. பன்ஹார்ட் - லெவாசோர் என்ற கம்பெனியின் எமீல் லெவாசோர், எஞ்சினை முன்னால் நிறுத்தி, அதற்குப் பின்னால் கிளட்ச், அதற்குப் பின்னால் பல்சக்கரங்கள், அங்கிருந்து பின் சக்கரத்துக்கு என்று ஒரு வரிசையை அமைத்தார். வேகம் மாற்ற, ஒரு தண்டின் மேல் பல்சக்கரத்தை நகர்த்தி இன்னொன்றின் மேல் மோத விடவேண்டும். இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றினால் பல்லும் பல்லும் கடித்துக் கத்தும். இரண்டு வேகத்தையும் சமமாக்கத்தான் டிரைவர்கள் நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு, மறுபடி மிதித்தார்கள். அதுதான் டபுள் கிளட்ச். 1928-ல் அமெரிக்காவின் கேடிலாக் கார் 'சின்க்ரோமெஷ்' கொண்டுவந்தது. பற்கள் பூட்டிக்கொள்ளும் முன்பே கூம்பு வடிவ வளையம் ஒன்று உரசி, வேகத்தைச் சமப்படுத்திவிடும். சொகுசுக் கார்களிலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மற்ற வண்டிகளுக்கு இறங்கியது.

இங்கே நான் கவனித்த விஷயம் ஒன்று. புத்தகங்கள் பெரும்பாலும் பெட்டிக்குள் நடந்த மாற்றத்தையே வரலாறாக எழுதுகின்றன. கைக்கும் பெட்டிக்கும் நடுவே இருப்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. முன்னால் எஞ்சின் வைத்த சாதாரண காரில் பேச வேண்டிய அவசியமும் இல்லை. டிரைவரின் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் கியர் பாக்ஸ். லீவர் நேராக அதன் தலையில் இறங்கிவிடும். நடுவில் எதுவும் இல்லை.

லீவரை அங்கிருந்து முதலில் பெரிய அளவில் பிரித்தவர்கள் அமெரிக்கர்கள். 1930-களின் கடைசியில் முன் இருக்கையில் மூன்று பேர் உட்கார வேண்டும் என்று லீவரைத் தூக்கி ஸ்டீயரிங் தண்டில் மாட்டினார்கள். நம் அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் ஸ்டீயரிங் பக்கத்தில் கியர் இருந்தது அந்த வழியில் வந்ததுதான். கையை அசைத்தால் தண்டு அசைந்து, தண்டு கம்பியை அசைத்து, கம்பி பெட்டியை அசைக்கும். பழைய அம்பாசிடர் டாக்ஸியில் டிரைவர் பானட்டைத் திறந்து, மாட்டிக்கொண்ட கியரைக் கையால் தட்டி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பெட்டியில் இருந்த கோளாறு இல்லை, நடுவில் இருந்த கம்பிகளில். 1992-ல் வந்த அம்பாசிடர் 1800 ஐஎஸ்இசட்டில்தான் லீவர் தரைக்கு இறங்கியது.

வேன் விஷயத்தில் இந்தத் தூரம் இன்னும் பெரிதானது. 1947 ஏப்ரல் 23-ம் தேதி பென் போன் என்ற டச்சு வியாபாரி, ஃபோக்ஸ்வாகன் கார்களை இறக்குமதி செய்ய முயன்றவர், ஒரு நோட்டுப் புத்தகத்தில் டப்பா மாதிரி ஒரு படம் கிறுக்கினார். டிரைவர் முன்னால் மூக்கில், எஞ்சின் பின்னால் வாலில், நடுவில் முழுக்கச் சரக்கு. 1950 மார்ச்சில் அது உற்பத்திக்கு வந்தது. அதற்கு முன்னும் மூக்கில் டிரைவர் உட்கார்ந்த வண்டிகள் உண்டு. ஆனால் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்து, வேன் என்றாலே இந்த உருவம்தான் என்று உலகத்தை நினைக்க வைத்தது இதுதான்.

யோசித்துப் பாருங்கள். லீவர் முன் சக்கரத்துக்கு மேலே. கியர் பாக்ஸ் பின் சக்கரத்துக்கு நடுவே. இரண்டுக்கும் இடையில் வண்டியின் நீளத்துக்குக் கம்பி. லீவரைப் பக்கவாட்டில் தள்ளினால் கம்பி உருளும், எந்த வரிசை என்பதைத் தேர்ந்தெடுக்கும். முன்னும் பின்னும் தள்ளினால் கம்பி நகரும், அந்த வரிசையில் எந்தக் கியர் என்பது விழும். ஒரே கம்பிக்கு இரண்டு வேலை. அதைத் தாங்க ஒரு புஷ், கியர் பாக்ஸ் பக்கத்தில் ஒரு இணைப்பு. ரிவர்ஸுக்கு லீவரைக் கீழே அமுக்கித் தள்ளணும். அந்தப் புஷ் தேய்ந்தால் கம்பி தொங்கும், கை ஒன்று சொல்ல பெட்டிக்கு வேறொன்று கேட்கும். இன்றைக்கும் அந்த வேன்களை வைத்திருப்பவர்கள் முதலில் மாற்றுவது அந்தப் புஷ்ஷைத்தான்.

ஜெர்மனியிலேயே இன்னொரு பாதையும் இருந்தது. ஹாம்பர்க்கில் டெம்போ என்ற பெயரில் மூன்று சக்கர வண்டி செய்துகொண்டிருந்த கம்பெனி, 1949-ல் மெட்டடார் என்று ஒரு வேன் கொண்டுவந்தது. அதில் எஞ்சின், கியர் பாக்ஸ், இழுக்கிற சக்கரம் எல்லாமே முன்னால். பின்னால் வெறும் தரை, அதுவும் தாழ்வான தரை. அந்தக் கம்பெனியோடு கூட்டு வைத்துத்தான் 1958-ல் மகாராஷ்டிராவில் பஜாஜ் டெம்போ பிறந்தது. 1969-லிருந்து இந்தியாவிலேயே மெட்டடார். இங்கே நாக்பூரில் எந்த வேனைப் பார்த்தாலும் பழைய ஆட்கள் 'மெட்டடோர்' என்பார்கள். நாமும் டிரான்ஸ்ஃபர் வந்தால் 'டெம்போ பிடிச்சு சாமான் ஏத்தணும்' என்கிறோமே, அது ஒரு ஹாம்பர்க் கம்பெனியின் பெயர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்! (அந்தக் கம்பெனியின் இந்திய வாரிசு 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஜனங்கள் மாற்றிக்கொள்ளவில்லை.)

இப்போது நம் ஓம்னிக்கு வருவோம். இதன் பூர்வீகம் ஜப்பானின் சுசுகி கேரி. 1961-ல் பிறந்தது. ஜப்பானில் 'கேய்' என்ற சின்ன வண்டி வகைக்கு வரிச் சலுகை உண்டு, ஆனால் அளவுக்குக் கறாரான வரம்பு. 1976-க்குப் பிறகு நீளம் 3.2 மீட்டர், அகலம் 1.4 மீட்டர், எஞ்சின் 550 சிசி. அதற்குள் அடக்கவேண்டும் என்றால் மூக்கு வைக்க இடமே கிடையாது. டிரைவரை முன் சக்கரத்தின் மேலேயே உட்கார வைத்தார்கள். எஞ்சினை அவர் இருக்கைக்குக் கீழே திணித்தார்கள். அதற்குப் பின்னால் கியர் பாக்ஸ், அங்கிருந்து தண்டு வழியாகப் பின் சக்கரத்துக்கு.

லெவாசோர் வரிசையேதான்! எஞ்சின், கிளட்ச், பல்சக்கரம், பின் சக்கரம். ஆனால் டிரைவர் மட்டும் எழுந்து போய் எஞ்சினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். கியர் பாக்ஸ் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுவிட்டது. இரண்டையும் சேர்க்கத் தரைக்குக் கீழே கம்பி, மூட்டு, புஷ்.

1983 டிசம்பர் 14-ல் முதல் மாருதி 800-ன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். அதற்கு அடுத்த வருஷம், 1984-ல் மாருதி வேன். இந்தியாவுக்கு 796 சிசி, மூன்று சிலிண்டர், நான்கு கியர். 1988-ல் ஓம்னி என்று பெயர் வைத்தார்கள். ஆம்புலன்ஸ், ஸ்கூல் வேன், பால், கூரியர், தேர்தல் பிரசாரம் என்று அது செய்யாத வேலை இல்லை. சினிமாவில் ஆள் கடத்தலுக்கு அதை விட்டால் வேறு வண்டியே கிடையாது. ஓடிக்கொண்டே கதவைத் தள்ளித் திறக்க முடிகிற வண்டி வேறு எது? வில்லன்களுக்கும் என் அம்மாவுக்கும் ஒரே கதவு பயன்பட்டிருக்கிறது :-)

சரி, அந்தக் கிழவர். சதர் பக்கம் ஒரு மரத்தடியில் கடை வைத்திருக்கிறார், ஸ்கூல் வேன்காரர்கள் எல்லாரும் அவரிடம்தான் போவார்கள். எண்பதுகளின் கடைசியிலிருந்து மாருதி வேன் மட்டுமே பார்க்கிறாராம். எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கும் ஒரு ஸ்கூல் வேன்காரர் சொல்லி, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். நம்மைப் பார்த்ததும் "வாங்க அண்ணா" என்றார். தெற்கத்திக்காரன் யாராக இருந்தாலும் இங்கே அண்ணாதான், அவருக்கு என் அப்பா வயது.

கியர் பாக்ஸ் எஸ்டிமேட்டைக் காட்டினேன். வாங்கிப் படிக்கவே இல்லை. "எஞ்சினை ஆஃப் பண்ணுங்க. இப்ப கியர் போடுங்க" என்றார். போட்டேன். அப்போதும் ஃபர்ஸ்டும் ரிவர்ஸும் கிடைக்கவில்லை. "அப்ப கிளட்ச் இல்ல" என்றார். எஞ்சின் நிற்கும்போது சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் கடித்தால் கிளட்சைச் சந்தேகிக்கணும் என்று விளக்கினார். பிறகு ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, என்னையும் கீழே படுக்கச் சொன்னார். முழுக்கைச் சட்டை, ஆபீஸ் பேன்ட். படுத்தேன்.

மேலே அவர் பேரன் லீவரை மெதுவாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆட்டினான். கீழே டார்ச் அடித்துப் பார்க்கிறோம். லீவர் பாதி தூரம் போன பிறகுதான் கியர் பாக்ஸ் பக்கத்துக் கை லேசாக அசைகிறது. நடுவில் இருந்த அத்தனை அசைவையும் மூட்டுகள் விழுங்கிவிட்டன. ஒரு புஷ்ஷை விரலால் தள்ளினார், கோலிக்குண்டு மாதிரி உள்ளே ஆடியது. இன்னொன்று இருந்த இடத்தில் கருப்புத் தூள்தான் இருந்தது. பிறகு அவரே அந்தக் கையை நேரடியாகப் பிடித்துத் தள்ளினார். 'டக்' என்று ஒரு கியர் விழுந்தது. எதிர்ப்பக்கம் இழுத்தார். இன்னொரு 'டக்'. "பெட்டி நல்லாத்தான் இருக்கு. நீங்க சொல்றது அதுக்குக் கேக்கல, அவ்வளவுதான்."

எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்தது. டிரையல் பேலன்ஸ் டாலி ஆகவில்லை என்றால் நாங்கள் முதலிலேயே லெட்ஜர் முழுவதையும் சந்தேகப்பட மாட்டோம். எந்த போஸ்டிங் போய்ச் சேரவில்லை என்றுதான் தேடுவோம். முப்பது வருஷ சர்வீஸில் பாதியை அதிலேயே கழித்தவனுக்கு, சொந்த வண்டியில் அந்தப் புத்தி வரவில்லை பாருங்கள்.

ஏன் ஃபர்ஸ்டும் ரிவர்ஸும் மட்டும் முதலில் போகின்றன என்று கேட்டேன். அவர் ஒரு குச்சியால் மண்ணில் கியர் படத்தைப் போட்டார். நடுவில் இருக்கிற கியர்களுக்கு லீவர் கொஞ்சம் அசைந்தால் போதும். கடைசி ஓரத்துக்கு முழு அசைவும் போய்ச் சேரணும். கம்பி பாதியைத் தின்றுவிட்டால் ஓரத்தில் இருப்பவனுக்குத்தான் பட்டினி.

திட்டும் கிடைத்தது. லீவர் மேலே கையை வைத்துக்கொண்டே ஓட்டுகிற பழக்கம் எனக்கு உண்டு. சிக்னலுக்குச் சிக்னல் தூரம் குறைவான ஊரில் எல்லாருக்கும் அது வந்துவிடும். அந்தக் கையின் எடை கம்பி வழியாகப் போய், பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருக்கிற வளையத்தின் மேல் ஃபோர்க்கை அழுத்திக்கொண்டே இருக்கும், இரண்டு பக்கமும் தேயும். அதைவிட மோசம், லிங்கேஜ் ஆடுகிறது என்று தெரிந்தும் அப்படியே ஓட்டுவது. கியர் பாதி மட்டும் விழுந்து ஓடும். பல்லின் முனை மழுங்கும். கொஞ்ச நாளில் கியர் தானாக வெளியே குதிக்கும். அப்போது நிஜமாகவே பெட்டியை இறக்கணும். "இன்னும் ஆறு மாசம் ஓட்டியிருந்தா அந்த ஒர்க்‌ஷாப்காரர் சொன்னதே சரியாப் போயிருக்கும்" என்றார்.

புஷ் செட், புது ரப்பர் பூட், கிரீஸ், கியர் ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 1,450 ரூபாய். ஆயில் மாற்றும்போது ஒன்று கற்றுக்கொண்டேன், வீட்டில் நீங்களே செய்வதாக இருந்தால் மறக்காதீர்கள். கீழே வடிக்கிற போல்ட்டைத் திறக்கும் முன், மேலே ஊற்றுகிற போல்ட் திறக்கிறதா என்று பாருங்கள். துருப்பிடித்து அது திறக்கவில்லை என்றால், வடித்துவிட்டுக் காலிப் பெட்டியோடு நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். வடிந்த ஆயிலை அவர் விரலில் தேய்த்துப் பார்த்தார். பித்தளை நிறத்தில் லேசான மினுமினுப்பு. சின்க்ரோ வளையத்தின் தூள். "வயசுக்கு இது சகஜம்" என்றார். இரும்புத் துண்டு இருந்தால்தான் கவலையாம். பித்தளையை அரிக்காத ஜிஎல்-4 ரக ஆயில்தான் ஊற்றினார், அதில் மட்டும் பிடிவாதம்.

ஆகஸ்டில் ஃபார்ம் 25 கொடுத்தேன். அந்த ஏப்ரலிலிருந்துதான் காருக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை 600-லிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தியிருந்தார்கள். மகாராஷ்டிராவின் பசுமை வரி தனி. இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பர் பார்த்தார், விளக்கு, ஹாரன் பார்த்தார். "ரிவர்ஸ் எடுங்க" என்றார். எடுத்தேன்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஃபோக்ஸ்வாகனின் அந்தப் பழைய வேன் பிரேசிலில் 2013 டிசம்பர் வரை உற்பத்தியானது. 2014 முதல் ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் கட்டாயம் என்று சட்டம் வந்ததும் நின்றது. ஓம்னியும் 2019-ல் நின்றது, புது மோதல் சோதனை விதிகளை அதால் தாண்ட முடியாது என்பதால். ஆள் வாங்காமல் நிற்கவில்லை இரண்டுமே. டிரைவரை மூக்கில் உட்கார வைத்ததன் விலை அந்த நீளக் கம்பி மட்டும் இல்லை. முட்டிக்கும் எதிரில் வருகிற லாரிக்கும் நடுவில் ஒரு தகடுதான் இருக்கிறது. இதை எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் பதிவைப் புதுப்பித்தேன். ஹைவேயில் எடுப்பதில்லை. ஊருக்குப் போக ஜி.டி. எக்ஸ்பிரஸ் இருக்கிறது. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி, கோயில், தங்கை வீடு. நாற்பதைத் தாண்டுவதில்லை. இது போதுமான ஜாக்கிரதைதானா என்று பையன் கேட்டான், அவனுக்கு முழுசாகப் பதில் சொல்ல என்னிடம் இல்லை.

பதிவு 2027 ஆகஸ்ட் வரை இருக்கிறது. போன தீபாவளிக்கு முன் மறுபடி லீவரில் லேசாக ஆட்டம் தெரிந்தது. இந்தத் தடவை நானே கீழே படுத்தேன், பையன் மேலே லீவரை ஆட்டினான். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலும் என் முகத்தில்.